பலன் காணாத பிரமாணிக்கம்: தந்தை ஜூல்ஸ் மோன்சானின்



நம் பாவூர்சத்திரத்தில் பலருக்குப் பொழுது விடிவதற்கு முன்பே நாள் தொடங்கிவிடுகிறது. தோட்டத்தில் பறித்த காய்களைச் சந்தைக்குக் கொண்டு வருபவர்கள், மாட்டில் பால் கறப்பவர்கள், முதல் பேருந்தைப் பிடித்துத் திருநெல்வேலிக்கோ தென்காசிக்கோ வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பீடித் தட்டை மடியில் எடுத்து வைக்கும் தாய்மார்கள் என எத்தனையோ பேர் இருட்டிலேயே எழுகிறார்கள். இவர்களில் யாரும் இதை ஒரு சாதனையாக நினைப்பதில்லை. நேற்று எழுந்த நேரத்தில் இன்றும் எழுகிறார்கள், நாளையும் எழுவார்கள்.

திருச்சபையின் வரலாற்றிலும் இப்படி நேரம் தவறாமல் இருட்டில் எழுந்தவர்கள் உண்டு. அவர்கள்தாம் துறவு மடங்களில் வாழ்ந்த துறவியர். அவர்களது வாழ்க்கையை நம் தமிழ் மண்ணில், காவிரிக் கரையில் வாழ்ந்து பார்க்க ஒரு குரு பிரான்சு நாட்டிலிருந்து வந்தார். ஏழரை ஆண்டுகள் அப்படி வாழ்ந்தார். தம்மைப் பின்பற்றி நிலைத்து நிற்க ஒருவர்கூட வராத நிலையில் இறந்துபோனார். அவர்தாம் தந்தை ஜூல்ஸ் மோன்சானின். அவரது வாழ்வை இன்று நாம் சற்றுச் சிந்திப்போம்.

துறவு மடத்தின் ஒரு நாள்

தந்தை மோன்சானினைப் புரிந்துகொள்ள, அவர் மனத்தில் நின்ற துறவு மடம் எப்படிப்பட்டது என்பதை நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தாலி நாட்டில் ஏறக்குறைய கி.பி. 480-ல் பிறந்தவர் புனித ஆசீர்வாதப்பர். பெனடிக்ட் என்றும் அவரை நாம் அழைக்கிறோம். மோன்தே கசினோ மலையில் மடம் நிறுவி, துறவியருக்கென 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குநூல் ஒன்றை எழுதினார். பல நூறு ஆண்டுகளாக மேற்கத்தியத் துறவு மடங்கள் பெரும்பாலும் அந்த ஒழுங்கின்படியே நடந்து வந்தன.

அந்த ஒழுங்கில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது? குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டிச் சுமார் இரண்டு மணிக்கெல்லாம் துறவியர் எழுந்துவிடுவர். எழுந்தவுடன் ஆலயம் செல்ல வசதியாக அங்கியும் இடைக்கச்சையும் அணிந்தபடியே தூங்குவர். படுக்கும் கூடத்தில் விடியும்வரை ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கடிகாரம் பரவலாகாத அந்தக் காலத்தில், விண்மீன்களைப் பார்த்தும் மெழுகுதிரி உருகும் அளவைப் பார்த்தும் நேரம் கணித்தார்கள். இரவில் ஒருமுறை, பகலில் ஏழுமுறை என எட்டு வேளை ஆலயத்தில் கூடிச் செபித்தார்கள். 150 திருப்பாடல்களையும் ஒவ்வொரு வாரமும் பாடி முடித்தார்கள்.

செப வேளைகளுக்கு இடையே வயலிலும் தோட்டத்திலும் அடுக்களையிலும் உடலுழைப்பு இருக்கும். மறைநூலை நிதானமாக வாசித்துச் சிந்திக்கவும் தனி நேரம் உண்டு. சமையல் வேலை முறைவைத்து வாரம் ஒருவருக்கு மாறும். வார முடிவில் சமையல் முறை முடிந்தவரும், புதிதாக ஏற்பவரும் சேர்ந்து அனைவரின் பாதங்களையும் கழுவுவர். மண்வெட்டியையும் பாத்திரத்தையும் திருப்பீடத்துத் திருக்கலங்களைப் போலவே மதிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் ரொட்டி, உணவு வேளையில் சமைத்த பதார்த்தம் இரண்டு. உண்ணும்போது ஒருவர் வாசிக்க, மற்றவர் பேசாமல் கேட்பர். நோயாளிகளுக்கு மட்டும் இறைச்சியும் தனிக் கவனிப்பும் உண்டு. வாசலில் வந்து நிற்கும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும். இரவுச் செபம் முடிந்தால் மறுநாள்வரை மௌனம்.

இதில் அதிசயம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கடுந்தவம், சாட்டையடி என்று கதைகளில் நாம் கேட்பவற்றை ஆசீர்வாதப்பர் துறவியரின் அன்றாட வாழ்வுக்கு அடித்தளமாக வைக்கவில்லை. அளவோடு உணவு, போதிய தூக்கம், வேலை, செபம் என்று சாதாரண நாளையே இறைவனுக்குரியதாக ஆக்கினார். கடினம் எங்கே இருந்தது என்றால், நாளையும் இதையே செய்ய வேண்டும், நாற்பது ஆண்டு கழிந்தாலும் இதையே செய்ய வேண்டும் என்பதில்தான்.

பிரான்சு நாட்டில் 910-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குளூனி மடம் இந்த ஒழுங்கைப் பின்பற்றிய மடங்களில் மிகவும் புகழ்பெற்றது. அங்கே 1088-ல் எழுப்பத் தொடங்கிய ஆலயம், உரோமையில் இன்றைய புனித பேதுரு பேராலயம் கட்டப்படும்வரை கிறிஸ்தவ உலகிலேயே மிகப் பெரியதாக இருந்தது. மௌனம் கலையாமலிருக்க, அம்மடத்துத் துறவியர் ரொட்டி வேண்டும், மீன் வேண்டும் என்பதைக்கூடக் கைச்சாடையால் தெரிவித்துக்கொண்டனர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அந்த மாபெரும் ஆலயம் விற்கப்பட்டுக் கற்களுக்காக இடிக்கப்பட்டது. இன்று ஒரு பகுதி மட்டுமே எஞ்சி நிற்கிறது.

அந்தக் குளூனிக்குத் தெற்கே, வெகுதூரமில்லாத ஃபிளேரி என்னும் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த சிற்றூரில்தான் 1895 ஏப்ரல் 10 அன்று ஜூல்ஸ் மோன்சானின் பிறந்தார்.

நோய்ப்படுக்கையில் ஓர் அர்ப்பணம்

சிறுவயது முதலே உடல்நலம் குன்றியவர் மோன்சானின். மூச்சிரைப்பு நோய் அவரை வாழ்நாள் முழுதும் துன்புறுத்தியது. ஆனால் அறிவிலோ அவர் மிகக் கூர்மையானவர். 1922-ல் லியோன் மறைமாவட்டக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இறையியலில் முனைவர் பட்டம் பெற்றுப் பெரிய பேராசிரியராக விளங்கியிருக்க முடியும். அந்தப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சுரங்கத் தொழிலாளர் வாழும் ஏழைப் பங்கு ஒன்றிற்குத் தம்மை அனுப்புமாறு கேட்டு வாங்கிச் சென்றார்.

இந்தியாவின் மீதும் அதன் ஆன்மிகத் தேடலின் மீதும் அவருக்கு இளமையிலேயே ஈர்ப்பு இருந்தது. 1932-ல் கடும் நோயில் விழுந்து சாவின் விளிம்பிற்குச் சென்றார். பிழைத்து எழுந்தால் இந்தியாவின் மீட்புக்காகத் தம்மை முழுவதும் அளிப்பதாக அந்தப் படுக்கையில் நேர்ந்துகொண்டார். பிழைத்தார். கொடுத்த வாக்கை நிறைவேற்ற இன்னும் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டு ஆயர்களின் கீழ் பணிபுரிய அயல்நாட்டுக் குருக்களை அனுப்பும் துணையாளர் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். 1939-ல், தமது 44-ஆம் வயதில், கப்பல் ஏறி இந்தியா வந்தார்.

அவரை ஏற்றுக்கொண்டவர் திருச்சிராப்பள்ளி ஆயர் மேதகு ஜேம்ஸ் மென்டோன்சா. வெள்ளையர் ஆட்சி நடந்த அக்காலத்தில், பிரான்சு நாட்டுக் குரு ஒருவர் இந்திய ஆயரின் கீழ் கீழ்ப்படிந்து பணிசெய்ய விரும்பி வந்ததே ஒரு சாட்சியம். தமிழ் கற்றார். மறைமாவட்டத்தின் ஏழைப் பங்குகளில் பணியாற்றினார். வெயிலும் நோயும் வாட்டின. துறவு மடம் என்ற கனவு மட்டும் நெஞ்சில் இருந்தது. அதற்குத் துணை யாரும் இல்லை. அப்படியே பல ஆண்டுகள் கழிந்தன.

தவறாமல் வந்து சேர்ந்த கடிதம்

1947-ல் ஆயருக்குப் பிரான்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பிரித்தானி பகுதியிலுள்ள கெர்கோனான் ஆசீர்வாதப்பர் மடத்துத் துறவி ஹென்றி லெ சோ. இந்தியாவில் இந்நாட்டு முறைப்படி துறவு வாழ்க்கை வாழ ஆசைப்படுவதாகவும், அதற்கு இடம் தர முடியுமா என்றும் அவர் கேட்டிருந்தார். கடிதம் பிரெஞ்சு மொழியில் இருந்ததால், பதில் எழுதும் பொறுப்பை ஆயர் தம் மறைமாவட்டத்திலிருந்த பிரெஞ்சுக் குருவிடம் கொடுத்தார். தம் கனவையே வேறொருவர் எழுத்தில் வாசித்த மோன்சானினின் மகிழ்ச்சியை நாம் எண்ணிப் பார்க்கலாம். இறைவனின் பராமரிப்பு பல நேரங்களில் இப்படித்தான் தபால் வழியாகவும் வருகிறது.

1948-ல் லெ சோ வந்து சேர்ந்தார். 1950 மார்ச் 21 அன்று, குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரை மாந்தோப்பில் அவர்களது ஆசிரமம் பிறந்தது. இன்று நாம் ஆசீர்வாதப்பர் திருவிழாவை ஜூலை 11-ல் கொண்டாடுகிறோம். அந்நாளில் அது மார்ச் 21-ல் வந்தது. ஆகவேதான் அந்த நாளைத் தேர்ந்துகொண்டார்கள்.

ஆசிரமத்துக்குச் சச்சிதானந்தம் என்று பெயரிட்டனர். சத்து, சித்து, ஆனந்தம் என்ற மூன்று சொற்களில் தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் மூவொரு கடவுளை அவர்கள் தியானித்தனர். அந்தத் தோப்புக்குச் சாந்திவனம் என்று பெயர். மோன்சானின் பரம அரூபி ஆனந்தம் என்ற பெயரை ஏற்றார். அரூபி என்றால் உருவம் இல்லாதவர்; தூய ஆவியாரைக் குறிக்கும் பெயர் அது. லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார்.

காவி உடுத்தினர். வெறுங்காலோடு நடந்தனர். குடிசையில் வாழ்ந்து, தரையில் அமர்ந்து, மரக்கறி உணவை உண்டனர். கோவில் கருவறை போன்ற அமைப்பில் சிறிய ஆலயம் ஒன்று எழுந்தது. குளூனியில் கல்லால் எழுந்த மாபெரும் ஆலயம் எங்கே, கீற்றுக் கொட்டகையும் மாமர நிழலும் எங்கே! ஆனாலும் அன்றாட ஒழுங்கின் உள்ளுயிர் ஒன்றுதான். இருட்டில் எழுவது, வேளை தவறாமல் செபிப்பது, மௌனம் காப்பது, படிப்பது, வந்தவரை வரவேற்பது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நம் நாட்டு முனிவர்களின் ஆசிரம வாழ்வோடு ஒன்றாகப் பொருந்த முடியும் என்று இருவரும் நம்பினர். அந்தந்த நாட்டின் தட்பவெப்பத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப உடையையும் உணவையும் அமைத்துக்கொள்ள அந்தப் பழைய ஒழுங்கே இடம் தந்திருந்தது அல்லவா?

நம் முன்னோருக்கு இது முற்றிலும் புதியதும் அல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியும், நம் பாளையங்கோட்டை மறைமாவட்டத்திலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரும் தமிழ்த் துறவிகளின் கோலத்தில் வாழ்ந்தவர்களே. ஆயினும் 1950-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியிருக்கவில்லை. பங்குகளில் இலத்தீன் திருப்பலி நடந்த காலம் அது. காவி கட்டிய குருக்களைப் பார்த்துக் கத்தோலிக்கரில் பலர் முகம் சுளித்தனர். இந்துக்களோ, இது மனம் மாற்ற ஒரு தந்திரமோ என்று ஐயுற்றனர். இரு பக்கத்தாரும் விலகி நிற்க, அவர்கள் நடுவில் தனித்து நின்றார்கள்.

யாரும் வரவில்லை

ஆசிரமம் தொடங்கிவிட்டது. இனி இளைஞர்கள் வருவார்கள், தமிழ்த் துறவியரின் குடும்பம் ஒன்று உருவாகும் என்று காத்திருந்தார்கள். ஒரு சிலர் வந்தனர். சில நாள், சில மாதம் தங்கினர். பின் போய்விட்டனர். ஓராண்டு, ஈராண்டு, ஐந்தாண்டு என்று காலம் ஓடியது. நிலைத்து நின்றவர் எவரும் இல்லை.

அதனினும் வேதனை தந்தது மற்றொன்று. உடனிருந்த அபிஷிக்தானந்தரின் உள்ளம் மெல்ல வேறு திசையில் போகத் தொடங்கியது. 1949-ல் இருவரும் திருவண்ணாமலை சென்று ரமண மகரிஷியைத் தரிசித்திருந்தார்கள். அந்த மலையின் குகைகளும் தனிமையும் அபிஷிக்தானந்தரைத் திரும்பத் திரும்ப அழைத்தன. மாதக்கணக்கில் அவர் அங்கே தங்கலானார். இந்து ஞானத்தின் அனுபவத்தையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் எவ்வளவு தூரம் ஒன்றாக்க முடியும் என்பதில் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. மோன்சானின் அந்த ஞானத்தை ஆழமாக மதித்தார். ஆனால் மூவொரு கடவுளின் மறைபொருளை எதனோடும் கரைத்துவிட அவரால் முடியவில்லை. ஒரே தோப்பில் இருந்தும் இருவரும் தனிமையில் இருந்த நாட்கள் அவை.

இந்த நிலையில் மோன்சானின் என்ன செய்தார் என்று கேட்டால், சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. புதிய திட்டம் வகுக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்க்கவில்லை. இடத்தை விட்டு ஓடவும் இல்லை. விடியுமுன் எழுந்தார், திருப்பலி நிறைவேற்றினார், திருப்பாடல்களைச் செபித்தார், படித்தார், எழுதினார், வந்தவருடன் பேசினார், படுத்தார். மறுநாளும் அதையே செய்தார். ஒரு மடம் முழுவதும் சேர்ந்து பாட வேண்டிய செபத்தை ஒருவரோ இருவரோ சொல்லிக்கொண்டிருந்தனர். கூட்டம் இல்லை என்பதற்காக வேளை தவறவில்லை.

1957-ல் அவரது உடல் மிகவும் மோசமடைந்தது. வயிற்றில் கட்டி இருப்பது தெரியவந்தது. சிகிச்சைக்காகச் செப்டம்பரில் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். காவிரிக் கரையிலேயே இறந்து அந்த மண்ணிலேயே புதைக்கப்பட வேண்டும் என்பது அவரது ஆசை. அதுவும் நிறைவேறவில்லை. 1957 அக்டோபர் 10 அன்று, 62 வயதில், பாரிசு மருத்துவமனையில் உயிர் துறந்தார். பிரான்சு மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

உலகக் கணக்கில் பார்த்தால் இது முழுத் தோல்வி. மடம் உருவாகவில்லை. சீடர் இல்லை. சொந்தமாக ஏற்ற மண்ணில் ஆறடி இடமும் கிடைக்கவில்லை.

விதை விழுந்த இடம்

ஆனால் கடவுளின் கணக்கு அங்கே முடியவில்லை. அபிஷிக்தானந்தர் 1968 வரை சாந்திவனத்தைப் பேணிவந்தார். அதன் பின் அவர் இமயமலைப் பகுதிக்கே நிரந்தரமாகச் சென்றுவிட, 1958-ல் கேரளத்தின் வாகமண் பகுதியில் தொடங்கப்பட்ட குரிசுமலை ஆசிரமத்திலிருந்து தந்தை பீட் கிரிஃபித்சும் அவருடன் இரு துறவியரும் வந்து ஆசிரமத்தை ஏற்றனர். அதற்குப் பிறகுதான் இளைஞர்கள் வந்தார்கள், தங்கினார்கள். பல நாடுகளிலிருந்தும் பல சமயத்தவரும் அந்தத் தோப்பைத் தேடி வந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஆசிரமம் கமால்தோலி ஆசீர்வாதப்பர் துறவியர் குடும்பத்தோடு இணைந்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் காட்டுமலையில் புனித ரோமுவால்து தொடங்கிய துறவு மரபு அது. 1993-ல் தந்தை பீட் கிரிஃபித்சு இறந்த பிறகும் சாந்திவனத்தில் வேளைச் செபம் நின்றுவிடவில்லை.

இடைக்காலத்து மடங்களின் துறவு ஒழுங்கு இப்படித்தான் காவிரிக் கரையில் வேரூன்றியது. மோன்சானின் அதைக் கண்ணால் காணவில்லை. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியின் உவமையை நாம் எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். மடிகின்ற மணிக்குக் கதிர் எப்படி இருக்கும் என்று தெரிவதில்லை. அதுதான் அந்த உவமையின் கசப்பான பகுதி. அந்தக் கசப்பை முழுவதும் குடித்தவர் இவர்.

நமக்கு என்ன?

அன்பார்ந்தவர்களே! நாம் துறவியர் அல்ல. இரவு இரண்டு மணிக்கு எழுந்து திருப்பாடல் பாட நம்மால் முடியாது. ஆனால் யாரும் வராத இடத்தில் வேளை தவறாமல் நிற்பது என்றால் என்ன என்று நமக்கும் தெரியும்.

மாலை ஏழு மணிக்கு வீட்டில் செபமாலை சொல்லத் தொடங்குகிறோம். முன்பு பாய் விரித்து எட்டுப் பேர் உட்கார்ந்த வீடு. ஒரு மகன் சென்னையில், ஒரு மகள் வளைகுடா நாட்டில். இருக்கிற பிள்ளை கைபேசியோடு அடுத்த அறையில். கடைசியில் பாட்டி மட்டும் தனியாகச் சொல்லி முடிக்கிறார். வாரநாள் திருப்பலிக்கு ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். மறைக்கல்வி வகுப்பை எடுக்கும் ஆசிரியை, சொல்லிக்கொடுத்ததில் எதுவும் பிள்ளைகள் மனத்தில் தங்கியதா என்று அறியாமலே ஆண்டுகளைக் கடத்துகிறார். குடிப்பழக்கத்தை விடாத கணவனுக்காகப் பதினைந்து ஆண்டுகளாக ஒரு மனைவி செபிக்கிறார். மாற்றம் ஒன்றும் கண்ணில் படவில்லை. இனி எதற்கு என்ற கேள்வி நம் எல்லாருக்கும் வருகிறது.

பலன் கிடைத்தால் மட்டும் செபிப்பது, கூட்டம் வந்தால் மட்டும் பாடுவது, பாராட்டினால் மட்டும் உழைப்பது என்றால், நம் பக்தி சந்தை விலையைப் போல ஏறி இறங்கும். தக்காளி விலை விழுந்த நாளில் அதைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் வேதனை நமக்குத் தெரியும். ஆனால் அடுத்த பருவத்தில் அதே விவசாயி மீண்டும் நாற்று நடுகிறார். விலை தம் கையில் இல்லை, நடுவது தம் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மோன்சானினின் வாழ்வும் நமக்கு அதையே சொல்லித் தருகிறது. விளைவு இறைவனுடையது. வேளை நம்முடையது.

ஆகவே, இந்த வாரம் நாம் ஒரு சிறு தீர்மானம் எடுப்போம். நாளில் ஒரு வேளையை, அது பத்து நிமிடமாக இருந்தாலும், ஆண்டவருக்கென்று குறித்துவைப்போம். வீட்டார் சேர்ந்தால் நல்லது. சேராவிட்டாலும் அந்த வேளையைத் தவறவிடாதிருப்போம். அடுக்களைப் பாத்திரத்தையும் தோட்டத்து மண்வெட்டியையும் மடியிலிருக்கும் பீடித் தட்டையும் திருப்பீடத்துக் கலங்களைப் போல மதித்து எடுத்துவைப்போம். நம் வாசலுக்கு வருபவரில் கிறிஸ்துவை வரவேற்போம்.

வாய்ப்பு கிடைத்தால் திருச்சி – கரூர் வழியில் குளித்தலை சென்று, சாந்திவனத்தின் மாமர நிழலில் சிறிது நேரம் அமர்ந்து வருவோம். அங்கே இன்று செபிக்கும் குரல்களுக்குப் பின்னால், கேட்பார் யாருமின்றி ஏழரை ஆண்டுகள் செபித்த ஒருவரின் குரலும் இருக்கிறது.

பலன் காணாத நாட்களிலும் பிரமாணிக்கமாக நிலைத்திருக்கும் வரத்தை இறைவன் நம் குடும்பங்களுக்குத் தருவாராக! ஆமென்.